விலாசக்கார அக்கா

கடிதத்தை நீட்டியதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நான் அவரை முதலில் பார்த்ததே முதுகாகத்தான். மெரூன் நிற ஸ்வெட்டர், முழங்கையில் பச்சை நூலால் போட்ட ஒட்டு, கொண்டையில் செருகிய பேனா. எதிரே சுவரில் ஒன்றுமில்லை, கலண்டர்கூட இல்லை. நான் கவரைக் கிழித்து, படித்து, மறுபடி படித்து, மடித்துப் பைக்குள் வைத்து, மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை அந்த வெறுஞ்சுவரில் ஏதோ பெரிய படம் ஓடுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"முடிஞ்சுதுங்களா சேர்?"

முடிந்தது என்றேன். அதற்குப் பிறகுதான் முகம். வெற்றிலை போடாத, பவுடர் போடாத, எதற்கும் அவசரப்படாத முகம். கடிதம் யாரிடமிருந்து என்று கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, எட்டு வருடத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

ஹட்டன் மெயின் வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, ஏறினால் முனகும் மரப்படிகளின் உச்சியில் இருந்தது அவருடைய கொமியூனிகேஷன். தொண்ணூறுகளின் கடைசி. வெளிநாட்டுக்கு ஃபோன் பேச, ஃபேக்ஸ் அனுப்ப, போட்டோக் கொப்பி எடுக்க நகரத்தில் அப்படி நாலைந்து கடைகள். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களின் புருஷன்மார் வரிசையில் நிற்பார்கள். குரல் மட்டும்தான் போகும் என்று தெரிந்தும் கைக்குழந்தையைத் தூக்கி ரிசீவருக்குக் காட்டுவார்கள். மற்றக் கடைகளில் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. கவுண்டருக்குப் பின்னால், தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த சின்னச் சின்ன அறைகள், புறாக்கூடு மாதிரி. ஒவ்வொன்றும் ஒருவருடைய விலாசம்.

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்து லயத்துக்கு விலாசம் கிடையாது. நூறு வருடமாக மனிதர்கள் பிறந்து இறந்த அறைகள்தான், ஆனால் கதவிலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே ஒரு மேசையில் கிடக்கும். பிறகு ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவில், கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டு நீட்டுவார். யாருக்கு எங்கிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பதும் சில சமயம்.

அதனால் பெரட்டுக்கு வரக்கூடாத கடிதங்கள் எல்லாம் இவருடைய மரப்படி ஏறின. கவரில் நம் பெயர், கீழே அவருடைய கடை. நகரம் அவருக்கு வைத்த பெயர் விலாசக்கார அக்கா. அவருக்கு ஒரே ஒரு விதி, அதையும் எங்கும் எழுதி ஒட்டவில்லை. கவரில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கைக்கு மட்டும்தான். புருஷனுக்குப் பெண்சாதி கடிதம் கிடையாது. அண்ணனுக்குத் தங்கை கடிதம் கிடையாது. ஒரு முறை பதுளைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகளுக்கு வந்ததைக் கேட்டுக் கவுண்டரில் அடித்தார். பெற்றவன் நான், எனக்கு உரிமை இல்லையா என்று கத்தினார். அக்கா அவருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"மகள நீங்க பெத்தீங்க ஐயா. லெட்டர நீங்க பெக்கலீங்களே."

பெரியவர் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார். திட்டிக்கொண்டே குடித்தார்.

போட்டோக் கொப்பிக்கும் அதே கதைதான். யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் எழுத்தைப் பார்க்க மாட்டார். கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, மூடியை இறக்கி, கண்ணை ஜன்னலுக்குத் தூக்கிவிடுவார். வெளியே மூடுபனி ஹட்டன் ஸ்டேஷனைத் தின்றுகொண்டிருக்கும். உள்ளே பச்சை வெளிச்சம் போய்ப் போய் வரும். விழுந்த தாள்களை முகம் கீழாகவே தட்டி அடுக்கி நீட்டுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருடைய அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் பின்னால் ஒருவன் அவரை மடக்கினான். அதற்கு வருகிறேன்.

இந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு முறை, வேறு யாருக்கோ நடந்ததைப்போல, பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. கூடக் கொழுந்தெடுத்த சிநேகிதி, அடுத்த லயத்துக்காரி, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டாள். தலைமன்னாருக்குப் போகும் ரயில் ஏறும்போது கட்டிப்பிடித்து அழுத நூறு பேரில் இவர்கள் இருவரும் உண்டு, அதனால் யாரும் கவனிக்கவில்லை. நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கணக்கப்பிள்ளை பெரட்டில் அதைப் பிரித்து உரக்கப் படித்தார். வேடிக்கைக்காகத்தான் ஆரம்பித்தார், பிறகு வாசகம் போகிற போக்கைப் பார்த்துக் குரலை இன்னும் ஏற்றினார். உன் கை இல்லாமல் படுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாளாம். கூட்டம் சிரித்தது. பாதியில் பெரிய துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கணக்கப்பிள்ளை தாளை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சிரிச்சது போவட்டும் சேர். அந்த லெட்டரோட கடைசி வரி என்னான்னு எனக்கு இன்னும் தெரியாது."

தன்னைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கும் தேவைப்படவில்லை. என் பெயருக்குக் கண்டியிலிருந்து மாதம் இரண்டு கடிதம் வரும். எழுதுகிறவர் ஓர் ஆண். நான் லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கல்யாணமாகாதவன், மாதம் ஒரு பெண்ணின் ஜாதகம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அக்கா என்னிடம் எதையும் கேட்கவில்லை, நான் எதையும் சொல்லவில்லை, ஆனாலும் அந்த மாடியில் நான் மூச்சை முழுதாக இழுத்து விட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு கொம்பியூட்டர் வாங்கிப் போட்டார். திரைகள் சுவரைப் பார்க்க, முதுகுகள் சுவரில் உரச உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்துதான் எங்களை மாதிரி ஆட்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தோம். சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் சேருவோம். மஸ்கெலியாவிலிருந்து கௌரி வருவாள். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், அவள் கௌரிசங்கர். மாசி மாதம் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவது அவள்தான், பத்து வருடமாக. அந்தச் சில நாட்கள் தோட்டமே அவள் காலடியில் தேங்காய் உடைக்கும். வேஷத்தைக் கழுவின மறுநாள் பஸ்ஸில் பின்னாலிருந்து "பொன்னயா" என்ற சிங்கள வசவோடு விசில் வரும்.

யாரோ இலவசமாகத் தந்த ஓர் இணையப் பக்கத்தில் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். வேறு பெயர்களில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில். ஒரு சனிக்கிழமை திறந்தால் ஒன்றுமில்லை. ஏதோ விதியை மீறிவிட்டோமாம், அழித்துவிட்டார்கள். ஒன்றரை வருடக் கடிதங்கள். கௌரி திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அக்கா எழுந்து வந்து ஜன்னலோரம் நின்றார். பிறகு சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"இதுவும் அடுத்தவன் ஆபீசு மேசதான். நமக்குன்னு ஒரு விலாசம் எடுக்கணும்."

எங்களுக்கு அது புரியவில்லை. அவர் விசாரித்து வைத்திருந்தார். எங்களைப் போன்றவர்களுக்காகக் கொழும்பில் வேலை செய்த ஒரு நண்பர் ஃபோனில் சொல்லிக் கொடுத்தாராம். இன்டர்நெட்டில் நமக்கென்று ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தால் அது நம்முடையது, அந்தப் பெயரின்கீழ் பக்கமும் வைக்கலாம், வேண்டிய ஆளுக்கெல்லாம் ஈமெயில் விலாசமும் கொடுக்கலாம், எவரும் நடுவில் பிரிக்க முடியாது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று கடைக்கதவைச் சாத்திவிட்டு என்ன பெயர் வைப்பது என்று கூடினோம். நான் நீளநீளமாக அழகான பெயர்களைச் சொன்னேன். சேர் வைக்கிற பெயருக்குக் கூடவே ஒரு நோட்ஸ் புத்தகமும் அச்சடிக்க வேண்டும் என்றாள் கௌரி. ஒருவர் மட்டக்கம்பு என்றார், கொழுந்தெடுக்கும்போது செடியின் தலை சமமாக இருக்க மேலே கிடத்துகிற கம்பு. மேலே நீட்டுகிறதையெல்லாம் கிள்ளுகிற கம்பின் பெயரையா நமக்கு வைப்பது என்று எல்லாரும் அவரை மொத்தினோம். கௌரி தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற மரத்தின் பெயரைச் சொன்னாள்.

"கல்யாண முருங்கைன்னு வைங்கக்கா. நமக்கு எங்க நடக்கப்போவுது, பேர்லயாவது கல்யாணம் இருக்கட்டும்."

அன்று அக்கா சிரித்த சிரிப்பில் கீழே துணிக்கடைக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடித்தார். கடைசியில் வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரில் சிலருக்கு இன்னும் கடிதம் வருகிறது.

பெயர் கிடைத்தது. பதிகிற படிவம் திரையில் வந்தது. சொந்தக்காரரின் முழுப்பெயர், வீதி, இலக்கம், நகரம், ஃபோன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இந்த விவரங்களை உலகத்தில் எவரும் பார்க்கலாம் என்று. அறை குளிர்ந்துபோனது. நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஆணும் ஆணும் சேர்ந்தால் சிறை உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பிரிவைத் திருத்தியபோது பெண்களையும் உள்ளே சேர்த்திருந்தார்கள். "அதுலயாவது சமமா வச்சாங்களே" என்பார் அக்கா. கொழும்பு நண்பர் தங்கள் அமைப்பின் பெயரையே போடச் சொன்னார். பொய்ப் பெயர் போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். உங்கள் பெயர் வெளியே வந்தால் கடை போகும், கடை போனால் அறுபது பேரின் கடிதம் போகும் என்று வாத்தியார் குரலில் வாதாடினேன். அறுபது பேர் என்றேன், ஆனால் என் ஒருவனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேட்டு முடித்துவிட்டு அவர் கொண்டையிலிருந்து பேனாவை எடுத்தார். தட்டெழுதுவதற்குமுன் எதையும் தாளில் எழுதிப் பார்க்கிற பழக்கம். தன் முழுப்பெயரை, அப்பன் பெயரோடு, ஓர் எழுத்து விடாமல் எழுதினார். கடை இலக்கம், மெயின் வீதி, ஹட்டன்.

"பேரில்லாத ஆள நம்பி யாரு சேர் லெட்டர் குடுப்பா?"

இரண்டாயிரத்து மூன்றில் அந்தப் பக்கம் திறந்தது. தமிழ் எழுத்துரு அடுத்தவர் கொம்பியூட்டரில் கட்டம் கட்டமாக உடைந்த காலம். அக்கா அதற்கும் வழி கண்டார். எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதி, ஸ்கேன் பண்ணிப் படமாக ஏற்றினார். சட்டம் என்ன சொல்கிறது, பொலிஸ் பிடித்தால் என்ன கேட்கலாம், கண்டியில் திட்டாமல் பார்க்கிற டாக்டர் உண்டு, சாகத் தோன்றினால் முதலில் இந்த இலக்கத்துக்கு ஒரு ஃபோன். மழைநாளில் இணைப்பு இழுக்கும்போது அந்த எழுத்துகள் மேலிருந்து வரிவரியாக இறங்கும். அடுத்த வரிக்காகக் காத்திருக்கும்போது யாரோ எனக்காக இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்றே தோன்றும்.

கௌரிக்கு ஈமெயில் விலாசம் கொடுத்த நாள். திரையில் கௌரி என்று மட்டும், பின்னால் எங்கள் பெயர். அவள் விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டாள். செக்ரோலில் இல்லாத, ரேஷன் கார்டில் இல்லாத, பிறப்புப் பதிவில் இல்லாத பெயர். யாராவது அனுப்புங்களேன் என்றாள். அக்கா அடுத்த கொம்பியூட்டரில் உட்கார்ந்து ஒரு வரி அனுப்பினார். அவள் படிக்கும்போது எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார், தானே எழுதிய கடிதம்தான் என்பதை மறந்து. அந்த வரி என்ன என்று கௌரி யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு வருடம் ஓடியது. நகரத்தில் கொம்பியூட்டர் வகுப்பு முடித்த ஒரு பையனுக்கு வேலை இல்லை, ஆனால் ஒழுக்கம் நிறைய இருந்தது. அவன் எங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்தான். யாருடையது என்று தேடும் இடத்தில் தேடினான். முழுப்பெயர், வீதி, இலக்கம், எல்லாம் வந்து விழுந்தன. அதை அச்செடுத்து, அடியில் விலாசத்தைத் தமிழிலும் எழுதி, உச்சியில் 'இந்த அசிங்கத்தின் சொந்தக்காரி இவள்தான்' என்று பெரிய எழுத்தில் போட்டான். பிறகு அதைக் கொப்பி எடுக்க ஹட்டனில் நாலு கடை இருக்க, இவருடைய மரப்படி ஏறினான். தாளைக் கவிழ்த்து நீட்டினான். நாற்பது வேண்டும் என்றான்.

அவர் எடுத்துக் கொடுத்தார். ஜன்னலைப் பார்த்தபடி, நாற்பதையும்.

சலூனில் அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம், அவள் கையாலேயே எடுக்கவைத்தேன் என்று. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்ட் சுவர், மார்க்கெட் தூண், ஸ்டேஷனுக்கு ஏறுகிற படி, எங்கும் அவர் பெயர். நான் லிந்துலை பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு ஓட்டமாக மாடியேறினேன். கையில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போயிருந்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கறுப்பு கொஞ்சம் கூடிருச்சு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரே ஒரு முறை தாளைத் திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் முறையாகக் கடுமை இருந்தது.

"பாத்திருந்தா நானும் கணக்கப்பிள்ளதான் சேர்."

அப்போதும் நான் விடவில்லை. பதிவில் பெயரை மாற்றுங்கள், இன்றே மாற்றுங்கள் என்றேன். அவர் புறாக்கூட்டில் என் அறையிலிருந்த இரண்டு கடிதங்களை எடுத்து, வழக்கம்போல் ஒட்டின பக்கம் கீழாக நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் பிரிக்கவில்லை. அந்த முதுகைப் பார்த்தபடி படியிறங்கினேன். மூன்று சனிக்கிழமை ஹட்டன் பக்கமே போகவில்லை. கண்டிக்கு எழுதி, கொஞ்ச நாளைக்குக் கடிதம் வேண்டாம் என்றேன்.

இடையில் நடந்தவை கௌரி சொல்லித் தெரிந்தவை. அக்காவின் தம்பி குடும்பம் வருவதை நிறுத்திக்கொண்டது. யாரோ கொடுத்த முறைப்பாட்டில் ஒரு பொலிஸ்காரர் வந்து இங்கே என்ன நடக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா புறாக்கூடுகளைக் காட்டி, "லியும் விதரை மஹத்தயா" என்றார், கடிதம் மட்டும்தான் ஐயா. பொலிஸ்காரர் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தார். ஒன்றை இழுக்கக் கை நீட்டியபோது அக்கா அந்தக் கைக்கும் கடிதத்துக்கும் நடுவில் தன் கையை வைத்தாராம். அவர் என்ன நினைத்தாரோ, புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். துணிக்கடை முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். இன்டர்நெட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் மாத முடிவில் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்றார். பதினைந்து நிமிடத்தில் முடிவு சொன்னாராம் அக்கா. அந்தப் பதினைந்தும் முதலாளிக்குத் தேநீர் போட எடுத்தது.

நாலாவது சனிக்கிழமை போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே கூட்டம். சுவரைப் பார்த்து அவர் நின்றிருந்தார், மெரூன் ஸ்வெட்டரும் தூறல் விழுந்த கொண்டையுமாக. முதலில் நோட்டீசைக் கிழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கிட்டப்போனால், பழைய கடை இலக்கத்தை ஒரு கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் உருண்டைக் கையெழுத்தில் புதிய விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தார். சலூனுக்குப் பின்புறம், கீழ் அறை. தலைப்பைத் தொடவில்லை. அசிங்கம் அசிங்கமாகவே இருந்தது. எழுதி முடித்து அடுத்த நோட்டீசுக்கு நகர்ந்தார். கூட்டமும் நகர்ந்தது. ஒரு கண்டக்டர் என்ன அக்கா இது என்று கேட்டதற்கு, "தபால் மாறிப் போயிரக் கூடாதுல்ல தம்பி" என்றார். காலையிலேயே இன்டர்நெட் பதிவிலும் மாற்றிவிட்டாராம். அதே பெயர், புது விலாசம்.

என்னைப் பார்த்தார். போன மூன்று வாரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

"சேர், மை தீருது. பேனா இருக்குங்களா?"

சிவப்புத்தான் இருக்கிறது என்றேன், பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற பேனா. பரவாயில்லை, தூரத்திலிருந்தே தெரியும் என்றார். இத்தனை கண்களுக்கு நடுவில் அதைத் திறந்து அவர் கையில் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. கொடுத்தேன். மார்க்கெட் தூண்வரை கூடவே நடந்தேன், அவருக்குக் குடை பிடித்தபடி.

சலூனுக்குப் பின்னால் அந்தக் கீழ் அறையில் ஜன்னல் இல்லை. கௌரி பலகைகளை நிமிர்த்தி ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மழை வலுத்தபோது வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், கொழுந்தெடுத்துக் கறை ஏறிய விரல்கள், தலையில் பிளாஸ்டிக் தாள். வலப்பனைப் பக்கம், மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். போன மாதம் இங்கே ஒரு சாவு வீட்டுக்கு வந்தபோது ஸ்டேஷன் படியில் கண்டதாகச் சொல்லி, ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டீசை எடுத்தார். அது என்ன அசிங்கம் என்றும், அங்கே கடிதம் வாங்கி வைப்பார்கள் என்றும் சாவு வீட்டில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டார்களாம். பழைய மாடிக்குப் போய், அங்கிருந்து கேட்டுக்கேட்டு வந்தாராம்.

"இதுல இருக்க பேருக்காரவங்க நீங்கதானுங்களா?"

"நாந்தாங்க. உள்ள வாங்க, நனையாதீங்க."

கொம்பியூட்டர் எல்லாம் தனக்குத் தெரியாது என்றார். தனக்கு ஒன்றுமில்லை, லயத்தில் ஒருத்திக்குத்தான் என்றார். அவளுக்கு ஒரு சிநேகிதி கொழும்பில் வீட்டு வேலையில் இருக்கிறாள், எழுதினால் பெரட்டில் பிரித்துவிடுவார்கள், அதனால் பதினோரு வருடமாக இரண்டு பேரும் எழுதிக்கொள்ளவே இல்லை, இங்கே எழுதலாமா என்று அவளுக்காகக் கேட்க வந்தேன் என்றார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கௌரியின் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதலாம் என்றார் அக்கா. இன்னும் ஆணி ஏறாத பலகையில் ஓர் அறையைக் கையால் துடைத்துக் காட்டினார்.

"இது அவங்களுக்கு. இப்பப் பேரு சொல்ல வேணாம். லெட்டர் வந்தா யாரு கையில குடுக்கணும், அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அந்த அம்மா தலையிலிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடி பிரித்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கௌரி அடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"ஏங் கையிலயே குடுங்க" என்றார்.